மிக்ஸட் வண்டியில் சேராத வேகன்

நம் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால், ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் வேலையில் எது கஷ்டம் என்று தவறாமல் கேட்கிறார்கள். டெண்டர், விலை பேசுவது, மாதிரி பார்த்துத் தேர்வது என்று நான் எதையாவது சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். அதெல்லாம் இரண்டு வருடத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். வாங்கி முடித்த பொருள், அதை விரித்துப் பயன்படுத்தப் போகிற சிப்பாயின் கைக்குப் போய்ச் சேரும்வரை நம்முடையதுதான். அந்த இடைவெளியில்தான் யாரும் சொல்லித்தராத முடிவுகள் வந்து நிற்கும். அப்படி ஒன்றை இங்கே சொல்கிறேன். நீதியைப் பிறகு பார்க்கலாம். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அறுபத்திரண்டாம் வருடக் கடைசி. வடக்கு எல்லையில் சண்டை ஓய்ந்திருந்தது. மறுபடி எப்போது மூளும் என்று யாருக்கும் தெரியாது. பீரங்கிகளையும் வண்டிகளையும் மறைத்து மூடும் வலைகள் அவசரமாகத் தேவைப்பட்டன. பெரிய ஆலைகளால் அவ்வளவையும் கொடுக்க முடியவில்லை. அதனால் மீன்வலை பின்னுகிற கடலோர ஊர்களில் அடிவலையை, அதாவது பட்டை கட்டாத வெறும் வலையை வாங்கி, அதில் வர்ணம் தோய்த்த சாக்குத் துணிப் பட்டைகளைக் கட்டி அனுப்புவது என்று மேலே முடிவானது. நான் அப்போது பொருள்களைச் சோதித்து ஏற்கும் பிரிவில் உதவி ஆய்வாளன். வேலை தற்காலிகம்தான். எனக்குச் சொந்த ஊர் ஆவூர் என்பதால், பகுதி தெரிந்தவன் என்று என்னைப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

அடிவலை கட்டுமாவடியில் தயாரானது. அதை வாங்கி வந்து திருக்கோகர்ணத்தில் ஓடாமல் கிடந்த ஓர் அரிசி ஆலையின் ஷெட்டில் பட்டை கட்டினார்கள். ஒப்பந்தம் எடுத்தவர் இலுப்பூர் வியாபாரி சொக்கலிங்கம். நிலக்கடலையும் சாக்கும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. ராணுவ வேலை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. ஷெட்டின் வாசலில் ஒரு தேசியக் கொடியைக்கூடக் கட்டியிருந்தார். பட்டை கட்டும் பெண்களுக்கு ராக்கம்மாள் மேஸ்திரி. கட்டை குட்டையான உருவம், கணீரென்ற குரல். இருபது பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் தொண்டையைச் செருமினால் போதும், ஷெட் அடங்கிவிடும்.

பட்டையில் தோய்க்கும் வர்ணத்தில் ஆளிவிதை எண்ணெய் கலந்திருக்கும். வெயிலில் விரித்து நன்றாக உலர்த்திய பிறகே வலையை மடிக்க வேண்டும், அழுத்திச் சிப்பம் கட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே சொக்கலிங்கத்திடமும் ராக்கம்மாளிடமும் இதைச் சொல்லியிருந்தேன். காரணத்தையும் சொன்னேன். இந்த வேலைக்கு வருமுன் சென்னைத் துறைமுகத்தருகே ஒரு வர்ணக் கிடங்கில் இருந்தேன். அங்கே கிடங்கு பார்த்த பெரியவர், எண்ணெய் துடைத்த கந்தல் எதையும் குவித்துப் போட விடமாட்டார். தண்ணீர் வாளியில்தான் போட வேண்டும். ஏன் என்று கேட்டவனைக் கிடங்கின் பின்புறம் அழைத்துப்போய், கூரைவரை கருகியிருந்த ஒரு சுவரைக் காட்டினார். அங்கே யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை, கந்தல் தானாகச் சூடேறி எரிந்தது என்றார். அந்த எண்ணெய் உலரும்போது தனக்குள்ளேயே சூட்டை உண்டாக்கும். காற்றுப் பட்டால் சூடு போய்விடும். குவியலுக்குள் அடைபட்டால் போக வழியில்லை.

அந்த மாதம் மழை விடவில்லை. நான் கடைசி அடிவலைகளைச் சோதித்து ஏற்கக் கட்டுமாவடிக்குப் போயிருந்தேன். அங்கே காற்றும் மழையுமாகப் படகுகள் கரையில் கிடந்தன, பஸ் வரவில்லை, நினைத்ததைவிட அதிக நாள் தங்க வேண்டியதாயிற்று. ஒரு காலை வேளையில் புதுக்கோட்டைக்குத் திரும்பி, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஷெட்டுக்குப் போனேன். ஷெட் காலியாக இருந்தது. ராக்கம்மாளும் இரண்டு பெண்களும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சரக்கெல்லாம் முந்தின நாளே வேகனில் ஏறிவிட்டது, திருச்சியிலிருந்து ஒரு மேஜர் ஜீப்பில் வந்திருக்கிறார், காலை மிக்ஸட் வண்டியில் வேகனைச் சேர்த்து அனுப்பப் போகிறார்கள் என்றார் ராக்கம்மாள். எனக்கு முதலில் தோன்றியது ஒரே கேள்விதான். இந்த மழையில் எங்கே உலர்த்தினீர்கள்?

"கரி அடுப்பு போட்டு, கழியில தொங்கவிட்டுக் காயவச்சோம் தம்பி. மேலால தொட்டா காஞ்சாப்லதான் இருந்துச்சு. ஆற விடுவோம்னு நாஞ் சொன்னேன். வேகன் நிக்காது, கட்டுங்கன்னுட்டாரு மொதலாளி. கட்டயில கையி கணகணன்னு இருந்துச்சு."

அங்கே நின்ற ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு மிதித்தேன்.

வேகன் சரக்குக் கொட்டகையை ஒட்டி நின்றது. கதவுக்கு முத்திரை வைத்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆளை அனுப்பி முத்திரையை உடைக்கச் சொன்னார். கதவு நகர்ந்ததும் ஒரு நெடி வந்தது. காறிப்போன எண்ணெயை அடுப்பில் வைத்தது போன்ற நெடி. கதவோரச் சிப்பங்கள் குளிர்ந்திருந்தன. இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவதற்கும் நடுவே முழங்கைவரை கையை நுழைத்தேன். காய்ச்சல்காரனின் அக்குளில் கை வைத்தது போலிருந்தது.

அதற்குள் சொக்கலிங்கம் குடையுடன் ஓடி வந்தார். பின்னால் மேஜர் வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வலது கையில் கம்பளி உறை போட்டிருந்தார். அதில் இரண்டு விரல்கள் வெறுமையாகத் தொங்கின. மலையில் பனியில் போனவை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சரக்கு உள்ளே சூடேறிக்கொண்டிருக்கிறது, இப்படியே அனுப்பினால் வழியில் தீப்பிடிக்கலாம் என்றேன். மழைக்காலத்தில் மூடிய வேகன் வெதுவெதுப்பாக இருப்பது இயல்புதானே, அடுப்புச் சூடு இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான் என்று சொக்கலிங்கம் மறுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார். மேஜர் இருவரையும் கேட்டுவிட்டு, ஒரு சிப்பத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். நியாயமான யோசனை. கைக்கு எட்டிய ஒன்றை இழுத்துக் கயிற்றை அறுத்தோம். வலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்தோம். நடுவில் லேசான வெப்பம். பட்டைகள் கொஞ்சம் பிசுபிசுத்தன. கருகல் இல்லை, புகை இல்லை, நிறம்கூட மாறவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் மேஜர்.

உள்ளே இருப்பவை இதைவிட மோசமாக இருக்கும் என்றேன். எப்படித் தெரியும் என்றார். நெடி, கையில் பட்ட வெப்பம், வர்ணக் கிடங்கின் கருகிய சுவர் தவிரச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வேகன் முழுவதையும் இறக்கிப் பார்க்க வேண்டும் என்றேன். வண்டி வரும் நேரமாகிவிட்டது. இறக்கினால் இன்று போகாது. அடுத்த வேகன் எப்போது கிடைக்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டராலேயே சொல்ல முடியவில்லை.

மேஜர் குரலை உயர்த்தவில்லை. என்னைக் கொட்டகையின் ஓரத்துக்கு அழைத்துப்போய்ப் பேசினார்.

"மிஸ்டர் அருளப்பன், அங்க மலையில எங்ககிட்ட வலை இல்ல. பையனுங்க தங்களோட கம்பளியை எடுத்து பீரங்கி மேல போர்த்தினானுங்க. ராத்திரி அவனுங்க எதைப் போர்த்திக்கிட்டுப் படுத்தானுங்கன்னு நினைக்கறீங்க? நான் இங்க வந்தப்புறமும் அங்க அதே பீரங்கிதான் நிக்குது. இன்னிக்கு இந்த வேகன் போகணும்."

நாற்பது வருடம் கழித்து இதை எழுதும்போதும் அவர் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் வேலையில் எதிரே நின்று அவசரப்படுத்துகிறவர் பல சமயம் முட்டாளும் அல்ல, கெட்டவரும் அல்ல. அவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். அப்போதுதான் இந்த வேலை கஷ்டம்.

அந்த நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் தொலைபேசி ஒலித்தது. சரக்கு கிளம்பிவிட்டது என்று சென்னையில் உள்ள என் மேலதிகாரிக்குச் சொல்ல மேஜர் காலையிலேயே வெளியூர் ட்ரங்க் கால் பதிவு செய்திருந்தார். அது இப்போது கிடைத்திருந்தது. மேஜர் நடந்ததைச் சொல்லி ரிசீவரை என்னிடம் கொடுத்தார். இரைச்சலுக்கு நடுவே என் அதிகாரி கேட்டது ஒன்றுதான்: நீ கண்ணால் பார்த்தது எது, நினைப்பது எது, பிரித்துச் சொல். சொன்னேன். பார்த்தது கொஞ்சமாகவும் நினைப்பது நிறையவும் இருந்தது. பிறகு, அங்கே நிற்பது நீ, நான் இல்லை, முடிவை நீயே எடு என்றார். இணைப்பு அறுந்துவிட்டது.

அவர் என்மேல் நம்பிக்கை வைத்தாரா, கையைக் கழுவிக்கொண்டாரா? இன்றுவரை தெரியவில்லை.

மிக்ஸட் வண்டி வந்து நின்றது. பெயருக்கேற்றபடி பாதி பயணிகள் பெட்டி, பாதி சரக்குப் பெட்டி. மழைக்கு ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டு ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. வேகனைச் சேர்க்க என்ஜின் பின்னோக்கி வர வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மேஜரும் சொக்கலிங்கமும் பக்கத்தில் நின்றார்கள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த வேகன் வேண்டாங்கிறீங்களா, இல்ல சந்தேகமா இருக்குங்கிறீங்களா? சந்தேகம்னா நான் சேத்துத்தான் ஆகணும். மிலிட்டரி சரக்கு. வேண்டாம்னா விட்டுட்டுப் போறேன்."

அதுவரை நான் பேசியதெல்லாம் சந்தேகம்தான். 'பிடிக்கலாம்', 'இருக்கும்', 'பார்த்தால் நல்லது'. அந்தச் சொற்களுக்குள் எனக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. வேகன் போய் எரிந்தால் நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லிக்கொள்ளலாம். எரியாவிட்டால் நான் தடுக்கவில்லையே என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதர் ஒரே கேள்வியில் அதைப் பறித்துவிட்டார். பயணிகள் பெட்டியின் ஜன்னல் பலகை ஒன்றை யாரோ உள்ளிருந்து தூக்கி, ஏன் வண்டி நிற்கிறது என்று பார்த்தார்கள். முகம் நினைவில்லை. பலகையைப் பிடித்திருந்த வளையல் கைதான் நினைவிருக்கிறது.

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வண்டி வேகன் இல்லாமல் கிளம்பியது. கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை மேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இதை அப்படியே மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னார். எழுத வேண்டும் என்றேன். சொக்கலிங்கம் குடையை மடக்கினார்.

இனி வேகனைக் கொட்டகைப் பக்கம் விட முடியாது. பக்கத்தில் பருத்தி மூட்டைகள் அடுக்கியிருந்தன. சுமை தூக்குகிற ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, வேகனைக் கையாலேயே தள்ளித் தண்டவாளத்தின் கோடிக்கு, திறந்த பொட்டலுக்கு எதிரே கொண்டுபோனோம். ஸ்டேஷனில் இருந்த தண்ணீர் வாளிகள், மணல் வாளிகள் எல்லாம் வந்தன. ராக்கம்மாளுக்குச் சொல்லியனுப்பினேன், ஷெட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கதவைத் திறந்து வெளிவரிசையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினோம். இறக்கிய சிப்பத்தைத் தூர உருட்டிப்போய் உடனே பிரித்து விரிக்க வேண்டும், குவிக்கக் கூடாது என்றேன். முதல் வரிசையில் எதுவும் இல்லை. இரண்டாவதில் வெப்பம் மட்டும். ஆட்கள் என்னை ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். மேஜர் கொஞ்சம் தள்ளி, ஜீப்பில் சாய்ந்து நின்றார். உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது நெருப்பு இருக்க வேண்டும் என்று என் மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. அப்படி ஆசைப்பட்டதை நினைத்து அங்கேயே கூசினேன்.

மூன்றாவது வரிசையில் கொக்கியை மாட்டி இழுத்தபோது சிப்பம் வரவில்லை; கயிறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. மடிப்புகள் பழுப்பாகி, அதற்குப் பின்னால் கருத்திருந்தன. புகை இழையாக வந்தது. எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்தினேன். கடைசி ஆள் குதிப்பதற்குள் காற்றுப் பட்ட இடம் கனன்று, ஒரு மூச்சில் சுடர் எழுந்தது.

அதன்பிறகு நடந்தது வரிசையாக நினைவில் இல்லை. மேஜர் ஓடி வந்தார். நீளக் கொக்கியை என் கையிலிருந்து பிடுங்கி, எரியும் சிப்பத்தைக் குத்தி இழுத்து வெளியே தள்ளினார். அது தரையில் விழுந்து சிதறியது. ராக்கம்மாள் தன் பெண்களைப் பார்த்து, "இங்கிட்டு யாரும் வராதீங்கடி, பிரிச்சதையெல்லாம் அங்கிட்டு இழுத்துட்டுப் போங்க" என்று சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்டது. தண்ணீரும் மணலும் மாறி மாறி வந்தன. ஒன்றை அணைத்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று கனிந்திருந்தது. வேகனின் மரத் தரை ஒரு பக்கம் எரிந்து ஓட்டையானது. மதியம் தாண்டித்தான் அடங்கியது. மேஜரின் உறை கருகி, நல்ல விரல்களில் கொப்புளம் போட்டிருந்தது. சுமையாட்களில் ஒருவருக்கு முன்கையில் காயம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டோம். உயிர் எதுவும் போகவில்லை. ஏற்றிய வலைகளில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்.

சொக்கலிங்கம் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து வந்து, வண்டியில் எத்தனை ஜனம் இருந்திருக்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் விசாரித்தார். பெட்டி நிறைய என்றார் அவர். சொக்கலிங்கம் நேரே பெண்களிடம் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர வலையின் ஒரு முனையைப் பிடித்தார்.

மீதி வலைகளை ராக்கம்மாளின் ஆட்கள் ரயில்வே வேலி முழுக்க விரித்தார்கள். பச்சையும் பழுப்புமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் தொங்கிய அந்த வேலியைப் பார்க்க ஊரே வந்தது. மழை விட்ட பிறகு நாள்கணக்கில் திருப்பித் திருப்பிக் காயவைத்தோம். அழுத்திக் கட்டாமல் தளர்வாகச் சுருட்டி, லாரிகளில் திருச்சிக்கு அனுப்பினோம். ஒவ்வொரு சுருளோடும் பழுது பார்க்கக் கொஞ்சம் நூலும் பட்டைகளும் வைத்தோம். எரிந்ததற்கு ஈடாகக் கட்டுமாவடியில் மறுபடி பின்னத் தொடங்கினார்கள். அந்தத் தாமதத்தால் எந்த மலையில் எந்தப் பீரங்கி மேல் யாருடைய கம்பளி கிடந்ததோ, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

தீ அணைந்த அன்று சாயங்காலம் மேஜரும் நானும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் கையில் மஞ்சள் மருந்து தடவிய துணி சுற்றியிருந்தது. தேநீர்க் கோப்பையை இடது கையால் பிடித்திருந்தார். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"உள்ள ஒண்ணுமில்லாம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றார்.

யோசித்தேன். "உங்களை வீணாத் தாமதப்படுத்திட்டேன்னு சொல்லியிருப்பேன் சார். வேற என்ன சொல்ல?"

"நான் உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் சார்."

அவர் தேநீரைக் குடித்து முடித்து ஜீப்பில் ஏறிப் போனார். பிறகு அவரைச் சந்திக்கவே இல்லை.

இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்கள் கடைசியில், அப்போ நீங்கள் நினைத்தது சரிதானே என்று சந்தோஷப்படுகிறார்கள். நெருப்பு வந்ததால் நான் சரியானவன் ஆகவில்லை, தம்பிகளே. 'வேண்டாம்' என்று சொன்னபோது என்னிடம் இருந்தது ஒரு நெடியும் கொஞ்சம் வெப்பமும்தான். உள்ளே எல்லாம் குளிர்ந்திருந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் இருக்க வேண்டும். சந்தேகம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குகிறவன், கொடி பிடித்து நிற்கிற இன்னொருவர் தலையில் முடிவைக் கட்டுகிறான். ஆகும் அல்லது ஆகாது என்று, அடுத்தவர் செயல்படக்கூடிய ஒரு சொல்லாக அதை மாற்றிக் கொடுப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

ஆனால் பெரும்பாலும் உங்களுக்கு நெருப்பு கிடைக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் கழித்து, அடுத்த சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அதே ஸ்டேஷனில் மண்ணெண்ணெய் நிரப்பிய அடுப்புகள் ஏற்றிய ஒரு வேகனை நிறுத்தினேன். கசிவு இருக்கிறதென்று எனக்குத் தோன்றியது. கொளுத்தும் வெயிலில் அத்தனை பெட்டிகளையும் இறக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஒன்றிலும் கசிவு இல்லை. வண்டி போய்விட்டது. கூட வந்திருந்த இளம் அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சுமையாட்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் கடைசிப் பெட்டியின் மூடியில் ஆணி அறைந்துவிட்டு என்னிடம் வந்து, "ஏத்திரலாங்களா?" என்றார்.

ஏற்றச் சொன்னேன்.